மொத்தம் பதினாறு ஜிபி

நீங்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம். சிரியுங்கள், எனக்கு வருத்தமில்லை. பேய்க் கதை சொல்பவர்களைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எத்தனையோ பேர் வாயை அடைத்திருக்கிறேன். ஆனால் எனக்கு நடந்தது இருட்டில் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், மதியம் 2:10-க்கும் 3:07-க்கும் இடையில் நடந்தது. இந்த நேரங்களை நான் குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. அன்றைய பதிவுகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் எனக்கு வேலை. ஊரில் யாருக்கு உயிர் போகிற ஆபத்து என்றாலும் அழைப்பு எங்களிடம்தான் வரும். அதை எடுத்துப் பேசுகிறவர்கள் மேல்மாடியில் இருப்பார்கள். அந்த அழைப்புகளையெல்லாம் தாங்குகிற சர்வர் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இருக்கிறது. அதைக் கட்டி மேய்ப்பவன் நான். நாள் முழுக்க மின்விசிறிகளின் இரைச்சல், எலும்பைக் குடையும் குளிர், பேச்சுத்துணைக்கு ஒரு ஈ எறும்பு கிடையாது. எனக்கு அது பிடித்தே இருந்தது. மனிதர்களைவிட இயந்திரங்கள் யோக்கியமானவை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

2:10-க்கு மேலிருந்து இன்டர்காம் அடித்தது. மைக்செட் அக்கா. அழைப்பெடுப்பவர்களில் மூத்தவர். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெரு எட்டிப்பார்க்கும், அதனால் அந்தப் பெயர். திரையெல்லாம் இழுக்கிறது, என்னவென்று பார் என்றார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு மயக்கம் சர்வருக்கும் உண்டு அக்கா என்று சொல்லிவிட்டு, மெமரி எவ்வளவு மிச்சம் என்று பார்க்க 'ஃப்ரீ' என்ற கட்டளையை அடித்தேன். எங்கள் தொழிலில் நாடி பிடித்துப் பார்ப்பது மாதிரி அது.

அந்தக் கட்டளை சில எண்களை வரிசையாகக் காட்டும். மொத்தம் எவ்வளவு, பயன்பாட்டில் எவ்வளவு, காலி எவ்வளவு, தேவைப்பட்டால் கிடைக்கக்கூடியது எவ்வளவு. புதிதாக வருகிறவர்கள் 'காலி' குறைந்திருப்பதைப் பார்த்து அலறுவார்கள். அதில் ஒன்றுமில்லை. சும்மா கிடக்கும் இடத்தை இயந்திரம் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். பார்க்க வேண்டியது கடைசி எண்ணைத்தான். அது 4,212 மெகாபைட் என்றது. கொஞ்சம் குறைவு, ஆனால் பயமில்லை.

அப்புறம்தான் முதல் எண்ணைப் பார்த்தேன்.

மொத்தம்: 15,948. அதாவது பதினாறு ஜிபி.

அது பன்னிரண்டாக இருக்க வேண்டும். நான்கு ஜிபி மெமரிப் பட்டைகள் நான்கு இருந்த இடத்தில், வெள்ளிக்கிழமை ஒன்று பழுதென்று சர்வரை அணைத்து நானே என் கையால் கழற்றினேன். மிச்சம் மூன்று. காலி இடம் கூடும், குறையும். மொத்தம் மாறாது. ஒரு வீட்டில் ஆட்கள் வருவார்கள் போவார்கள், அறைகளின் எண்ணிக்கை எப்படி மாறும்?

மேசை இழுப்பறையைத் திறந்தேன். கழற்றிய பட்டை அதன் உறைக்குள் அப்படியே இருந்தது. எடுத்தேன்.

சூடாக இருந்தது. இரண்டு நாளாகக் குளிரறையில் கிடந்த பட்டை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது.

ஏதோ தவறாகப் பார்க்கிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, மெமரியை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை எடுத்தேன். முதலிடத்தில் ஓர் அழைப்பு. எங்களிடம் ஒவ்வோர் அழைப்பும் முடியும்வரை மெமரியில்தான் இருக்கும், முடிந்த பிறகே ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படும். சாதாரண அழைப்பு ஐந்து நிமிடம், மிஞ்சினால் இருபது. இது ஐந்து ஜிபியைத் தொட்டிருந்தது. தொடங்கிய நேரம் வெள்ளிக்கிழமை காலை 11:52.

சர்வரையே நான் வெள்ளிக்கிழமை 11:58-க்குத்தான் திரும்ப ஏற்றினேன். அணைத்து ஏற்றினால் உள்ளே எதுவும் பிழைத்திருக்காது. அந்த அழைப்பு, இயந்திரம் கண் விழிப்பதற்கு ஆறு நிமிடம் முன்பே தொடங்கியிருந்தது.

2:31. கிடைக்கக்கூடியது 2,960.

ஹெட்செட்டை மாட்டி அந்த அழைப்பைக் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குழாய் சொட்டும் சத்தம். டொக்… டொக்… அதற்குப் பின்னால் மூச்சு. அப்புறம் ஒரு பெண் குரல், ரொம்பத் தாழ்வாக.

"லைன்லயேதான் இருக்கேன்… கட் பண்ணிடாதீங்க…"

அக்காவைக் கீழே வரச் சொன்னேன். வந்தார். ஹெட்செட்டை வாங்கிக் காதில் வைத்தார். அப்படியே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மைக்செட் என்று பெயர் வாங்கியவருக்கு அன்று குரலே எழும்பவில்லை.

"தம்பி, இந்தக் குரலை நான் வெள்ளிக்கிழமை எடுத்தேன். விழுந்துட்டேன், எழுந்திருக்க முடியலன்னாங்க. லைன்லயே இருங்கம்மா, அட்ரஸ் சொல்லுங்கன்னேன். அதுக்குள்ள கட்டாயிடுச்சு."

திரும்பக் கூப்பிட்டிருப்பார்கள், பக்கத்து ஊர் மையம் எடுத்திருக்கும் என்று அவர் நினைத்துவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஆனால் லைன் தானாகக் கட்டாகவில்லை. இதை எழுத என் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். சர்வரை அணைக்கும் முன் அழைப்புகளைப் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிட வேண்டும், திருப்பினேன். அதன் பிறகும் ஓரிரு அழைப்பு எங்களிடமே வந்து விழும். அதனால் 'நடப்பு அழைப்பு: 0' என்று திரை சொன்ன பிறகும் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் அந்த எண் அரை நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். எனக்கு அது தெரியும். பூஜ்ஜியத்தைப் பார்த்தேன். உடனே அணைத்தேன். ஒரு நிமிடத்தில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

அக்கா மைக்கில் கெஞ்ச ஆரம்பித்தார். "அம்மா, கேக்குதா? எங்க இருக்கீங்க? அட்ரஸ் சொல்லுங்கம்மா." அந்தப் பக்கத்திலிருந்து பதிலே இல்லை. நாங்கள் பேசுவது அங்கே போகவில்லை. அங்கிருந்து மட்டும் வந்துகொண்டிருந்தது.

டொக்… டொக்…

திரையில் அழைத்தவரின் எண் இருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த அழைப்பு பிடித்து வைத்திருந்த மெமரிக்குள் நேரடியாகப் புகுந்து தேடினேன். 2:44-க்குக் கிடைத்தது. ஏழு இலக்க எண். அதில் மூன்று இலக்கம்தான் இருந்தது. மிச்சம் பூஜ்ஜியங்கள்.

2:51-க்குத் திரும்பப் பார்த்தேன். நான்கு இலக்கம்.

மெமரி குறையக் குறைய, எண் நிரம்பிக்கொண்டு வந்தது.

அது கேட்டதெல்லாம் கொஞ்சம் இடம். கொடுத்தால் எண்ணைச் சொல்லிவிடும். ஆனால் அந்த இடம் என்னுடையது இல்லை. மேலே நான்கு அழைப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கணவனின் மார்பை ஒரு பெண் அழுத்திக்கொண்டிருந்தாள். எங்கள் ஆள் ஒருவர் அவளுக்காக எண்ணிக்கொண்டிருந்தார். நடந்துகொண்டிருக்கும் அழைப்பை வேறு ஊருக்கு மாற்ற முடியாது. மெமரி தீர்ந்தால் சர்வர் தனக்குத் தோன்றியதைப் பலி கொடுக்கும். போன வருடம் அது அழைப்புகள் அத்தனையையும் மொத்தமாகக் கொன்றது.

மேலாளருக்குப் போன் போட்டு, ஓர் அழைப்பு முடியாமல் மெமரியைத் தின்கிறது என்று மட்டும் சொன்னேன். "அதைக் கொல்லுய்யா, என்னைக் கேக்கணுமா?" என்று வைத்துவிட்டார்.

2:58. கிடைக்கக்கூடியது 640. எண்ணில் நான்கு இலக்கம்தான்.

தேவையில்லாத எல்லாவற்றையும் நிறுத்தினேன். அறிக்கை தயாரிப்பது, காப்புப் பிரதி, என் சொந்தத் திரைகள்… எல்லாம். இருநூறு மெகாபைட் தேறியது. கண்ணெதிரே அதையும் விழுங்கியது.

3:03. ஐந்து இலக்கம்.

"இன்னும் ரெண்டுதான் அக்கா."

அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

3:05. கிடைக்கக்கூடியது 88.

ஐந்தே இலக்கம்.

மேலிருந்து இன்டர்காம். திரை உறைகிறதாம். கணவனின் மார்பை அழுத்தும் அந்தப் பெண்ணின் குரல் விட்டுவிட்டு வருகிறதாம்.

3:06. 31.

ஐந்து.

நிறுத்தும் கட்டளையை அடித்தேன். அந்த அழைப்பு நிற்கவில்லை.

ஹெட்செட்டில் குரல் இப்போது பக்கத்தில் கேட்டது. மிகப் பக்கத்தில்…

"இருக்கீங்களா…"

எங்கள் தொழிலில் இன்னொரு கட்டளை உண்டு. அதை எதுவும் மறுக்க முடியாது.

"இருக்கீங்களா…"

19.

அடித்தேன்.

3:07.

டொக் சத்தம் நின்றது.

மேலே எல்லாத் திரைகளும் ஓடத் தொடங்கின என்று இன்டர்காமில் சொன்னார்கள். மார்பை அழுத்திய பெண்ணின் கணவன் பிழைத்துக்கொண்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் மறுபடி 'ஃப்ரீ' அடித்துப் பார்த்தேன். மொத்தம்: 11,916. பன்னிரண்டு ஜிபி. இழுப்பறையில் இருந்த பட்டை சில்லென்று இருந்தது.

அழக்கூட நேரமில்லை. கடைசி இரண்டு இலக்கம் தெரியாது என்றால் நூறு எண்கள். அவ்வளவுதானே? நூறையும் அழைத்துவிடுவது என்று உட்கார்ந்தோம். பூஜ்ஜியம் பூஜ்ஜியத்தில் தொடங்கினோம். ஒரு வீட்டில் திட்டினார்கள். ஒரு குழந்தை எடுத்துப் பாட்டுப் பாடியது. பல எண்கள் உபயோகத்திலேயே இல்லை. அக்கா ஒவ்வொருவரிடமும், "உங்க வீட்ல யாரும் விழுந்துட்டாங்களாம்மா?" என்று அதே பணிவோடு கேட்டுக்கொண்டே போனார். 4:40-க்கு நூறும் முடிந்தது. மூன்று எண்கள் மட்டும் எத்தனை முறை அடித்தாலும் பிஸி என்றே வந்தன.

அந்த மூன்று முகவரிகளுக்காகக் காவல்துறையையும் தொலைபேசி நிறுவனத்தையும் மாறி மாறி அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருக்கிறது என்றார்கள். என்ன ஆதாரம் என்றார்கள். காலில் விழாத குறையாகக் கேட்டேன். அந்த ராத்திரி முழுக்க எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். இரண்டு நாள் தாங்கியவர் இன்னும் ஒரு ராத்திரி தாங்கிவிடுவார். தாங்க வேண்டும். நான் கொன்றது ஓர் அழைப்பைத்தான், ஆளை இல்லை. இதையே விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை 10:40-க்கு, இரண்டாவது முகவரியில் கதவை உடைத்தார்கள்.

ஐம்பது வயது இருக்கும். தனியாக வாழ்ந்த பள்ளி ஆசிரியை. குளியலறை வாசலில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்திருந்தது. தொலைபேசியை வயரோடு இழுத்துத் தரைக்குக் கொண்டுவந்திருந்தார். ரிசீவர் காதோடு இருந்தது. உயிர் இல்லை.

தொலைபேசி நிறுவனத்தின் பதிவில் அந்த எண்ணிலிருந்து போன கடைசி அழைப்பு, வெள்ளிக்கிழமை 11:52. இருபத்தொரு விநாடி. எங்களுக்கு வந்தது. அதன் பிறகு அந்த லைனில் எந்த அழைப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேட்டது எந்தக் கம்பி வழியாக வந்தது என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர். நான் உடைந்து போயிருப்பதைப் பார்த்து, தேற்றுவதாக நினைத்துக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். அந்த அம்மாவின் கையில் நாடித்துடிப்பைப் பதிவு செய்யும் கைக்கடிகாரம் இருந்ததாம். அதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தண்ணீர்கூட இல்லாமல் இரண்டு நாள் கிடந்தவருக்கு நாடி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்க வேண்டும். இறங்கவே இல்லையாம்.

"எழுபத்திரண்டு, எழுபத்திமூணு, எழுபத்திரண்டு… கடைசி வரைக்கும் ஒரே சீரா இருந்திருக்கு சார். டாக்டருக்கே புரியல. ஞாயித்துக்கிழமை மூணு ஏழுக்கு டக்குன்னு நின்னிருக்கு."

ரொம்பக் கஷ்டப்படாமல்தான் போயிருக்கிறார் என்று சொல்லி, கையெழுத்துக்காகத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.