சடையண்ணன் பிடித்துக்கொண்ட முயல்கள்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு முயல்கள் பின்னங்காலால் கூண்டுப் பலகையைத் தட்டின. முதலில் ஒன்று, பிறகு நான்கைந்து. தெரியாத ஆள் வந்தால்தான் அவை அப்படித் தட்டும். அந்த நேரத்தில் எங்கள் முயல் பண்ணைக்குள் வருகிறவர் என்னோடு வேலை செய்யும் சடையண்ணன் ஒருவர்தான், அவருக்கு அவை தட்டுவதில்லை. கையிலிருந்த அகத்திக் கீரையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். கரியாலூர் பஸ்ஸின் கண்டக்டர் நின்றிருந்தார். அவர் கையில் சடையண்ணனின் மஞ்சள் பை இருந்தது.

"இந்தப் பை உங்க ஆளுதுதானே பாப்பா? பெரியவங்க யாராச்சும் இருந்தா கூப்புடு" என்றார்.

ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவதும் பண்ணை இருக்கும் வடக்கனந்தல் வந்ததும் கண்டக்டர் எழுப்ப இறங்குவதும் சடையண்ணனின் வழக்கம். அன்று எழுப்பினார், அவர் எழவில்லை. மாரடைப்பு என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். "மலை எறங்கறப்போ பேசிக்கினுதான் வந்தாரு" என்று கண்டக்டர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பண்ணைக்காரரான தனலட்சுமி அக்கா தலையில் எண்ணெயோடு ஓடிவந்தார். நான் பையை வாங்கிக்கொண்டேன். உள்ளே சாப்பாட்டுத் தூக்கு இன்னும் சூடாக இருந்தது.

பதினாறாம் நாள் அவர் ஊரில் படத்திறப்பு நடந்தது. ஆதார் அட்டையில் இருந்த படத்தைத்தான் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அவரோடு வேலை செய்த பெண் என்று சொல்லி என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட யாரிடமும் காரணம் சொல்லாதவள் நான். அன்று சொல்ல நினைத்ததை, அவர் ஊர்க்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் கறி வாங்க வந்தவர்களுக்குமாக இப்போது எழுதுகிறேன்.

உங்களில் பலருக்கு அவரை வேட்டைக்காரர் என்றுதான் தெரியும். மலையில் முயலுக்கு வலை கட்டியவர். காட்டு முயலைப் பிடித்து வனத்துறையிடம் மாட்டி, வழக்கு நடந்து, அதன்பிறகு வலையைத் தொடவில்லை என்பதை அவரே மறைக்காமல் சொல்வார். அந்தப் பழைய பேரைக் கேட்டுத்தான் அக்கா அவரை வேலைக்கு அழைத்தார். அதுவரை முயல் அடித்துக்கொடுத்த அக்காவின் தம்பி திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். நான் பண்ணையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும்தான் என் வேலை.

அவருடைய முதல் ஞாயிற்றுக்கிழமை நன்றாக நினைவிருக்கிறது. கொட்டகைக்குள்ளேயே சாக்கு விரித்து, ஒரு வெள்ளை முயலை அவர் முன்னால் வைத்தேன். பக்கத்தில் தடியையும் வைத்தேன். முயல் மூக்கை ஆட்டிக்கொண்டே போய் அவர் விரலை முகர்ந்தது. அவர் தடியைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது ஓட மாட்டேங்குதே" என்றார்.

"பண்ண மொயலு எங்கய்யா ஓடும்?" என்றார் அக்கா.

"ஓடறத அடிச்சிருக்கேன். கிட்ட வர்றத அடிச்சதில்லீங்க."

"வேட்டக்காரன்னு கூட்டியாந்தா மொயலுக்குத் தாலாட்டு பாடிக்கினு இருக்கான்" என்று அக்கா சிரித்தார். சிரித்தபடியே தடியை என்னிடம் நீட்டினார். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு, மனசு வராமல், மெல்ல அடித்தேன். முயல் கத்தியது. முயலுக்குக் குரல் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும், குழந்தை வீரிடுவதைப் போல இருந்தது. சாக்கிலிருந்து நழுவி, உடம்பை இழுத்துக்கொண்டு, கூண்டுகளுக்கு அடியில் போய்விட்டது. மற்ற முயல்கள் எல்லாம் கம்பியில் மோதிக்கொண்டன. நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். சடையண்ணன்தான் புழுக்கையிலும் மூத்திரத்திலும் படுத்து ஊர்ந்து போய் அதை வெளியே எடுத்தார். என் கையிலிருந்த தடியைப் பிடுங்கி ஒரே அடியில் முடித்தார். கிட்ட வருவதை அடிக்க முடியாது என்றவர் அதைச் செய்தார்.

தொட்டியில் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "எரக்கப்பட்டு மெள்ள அடிச்சிட்ட பாப்பா. அந்த எரக்கம் உனக்குத்தான் ஆச்சு, அதுக்கு ஆவல."

அவர் திட்டியிருந்தால் நான் மறுநாள் வேலைக்கு வந்திருக்க மாட்டேன். அவர் திட்டவில்லை. அடுத்த வாரம், வேலியோரம் முயல்களுக்கு வேலிமசால் தழை அறுத்துக்கொண்டிருந்தபோது, தான் பிடித்த முதல் முயலைப் பற்றிச் சொன்னார். அப்போது அவருக்கு என்னைவிடச் சின்ன வயது. சாமைக் கொல்லையோரம் கட்டிய வலையில் ஒன்று விழுந்தது. கூட யாரும் இல்லை. அடிக்காமல் உயிரோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்று ஆசை. காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கூவிக்கொண்டே ஊருக்கு ஓடினார். தெருவே கூடிவிட்டது. கீழே விட்டால் முயல் அசையவில்லை.

"எங்கயும் காயம் இல்ல. பயத்துலயே செத்துப்பூட்டுச்சு. எல்லாரும் என்னத் தோள்ல தூக்கிக்கினு ஆடறாங்க. அது எவ்ளோ தூரம் பயந்துக்கினே வந்துச்சின்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்." கொஞ்சம் அறுத்துவிட்டு மறுபடி சொன்னார்: "அடி ஒரு நொடி. பயம்தான் ஜாஸ்தி நேரம்."

நாங்கள் இருவரும் ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டது அதன்பிறகுதான். யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மற்ற முயல்கள் பார்க்காமல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செய்யலாம் என்றது நான். சாக்கை மடித்து மெத்தென்று போடச் சொன்னது அவர். அவர் பிடித்துக்கொள்வார், நான் அடிப்பேன். ஒரு கையால் முதுகை அணைத்து, இன்னொரு கையால் கண்ணை மறைத்தபடி உட்கார்ந்திருப்பார். முயலின் மூக்கு வேகமாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டம் குறைந்து உடம்பு தளரும்வரை எனக்குச் சொல்ல மாட்டார். தளர்ந்ததும் கண்ணை மறைத்த கையை எடுத்துவிட்டு, "ம்" என்பார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, காதுகள் சேரும் இடத்துக்குப் பின்னால் முழு பலத்தோடு அடிப்பேன். உடனே அவர் அதன் கண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பார். இமை அசையாவிட்டால்தான் கத்தியை எடுப்போம்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை வந்தது. தீனி வைக்கும்போது நான் நாக்கைச் சொடுக்குவேன், எல்லா முயலும் கூண்டின் முன்பக்கம் வந்துவிடும். மனிதர்களிடம் பேசாத நான் அவற்றிடம் பேசிய பேச்சு அது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூலையில் ஒடுங்கியிருந்த முயலைப் பிடிக்க நேரமாயிற்று. நாக்கைச் சொடுக்கினேன், அது வந்துவிட்டது. தூக்கிக்கொண்டு திரும்பிய என்னைச் சடையண்ணன் தடுத்தார்.

"அந்தச் சத்தம் சோத்துக்கு மட்டும்தான்."

"மூலைக்குள்ள கைய உட்டு இழுத்தா மட்டும் பயப்படாதா?" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

"பயப்படும். ஆனா உன்ன நம்பி வந்து பயப்படாது."

"அப்ப நீங்களே புடிச்சிக்கோங்க. பெரிய ஞாயக்காரரு!"

"புடிச்சிக்கறேன். நீ கூப்புடாத, அவ்ளோதான்."

அந்த முயலை அவர் கூண்டுக்குள் திரும்ப விட்டார். அன்று வேறொன்றைத்தான் எடுத்தோம். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. ஆனால் திங்கட்கிழமை தீனி வைக்கும்போது, நான் சொடுக்கிய பிறகும் அந்தக் கூண்டில் மட்டும் முயல்கள் தயங்கித் தயங்கித்தான் வந்தன. நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை, மறுநாளைக்கு வேண்டியவற்றை அவரே பிடித்து ஜோடி ஜோடியாகத் தனிப் பெட்டியில் விட்டிருந்தார். தனியாக விட்டால் கலங்கும் என்றார்.

எங்கள் முறையில் நேரம் ஆகும் என்பதை வாங்க வந்த நீங்கள் அறிவீர்கள். சின்னசேலத்திலிருந்து வரும் ஒருவர் வண்டியை அணைக்காமலே கத்துவார்: "இன்னா சடையா, மொயலுக்கு நல்ல நேரம் பாத்துக்கினு இருக்கியா?"

"அதுக்கு ஏதுங்க நல்ல நேரம்? கெட்ட நேரத்தக் கம்மி பண்ணிக்கினு இருக்கோம்" என்று தொட்டிக்குப் பின்னாலிருந்தே பதில் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பின் மறைவில் எனக்கு அவசரமில்லாமல் போய்விடும். வெளியே இருப்பவர்களுக்குப் பதில் சொல்வது எப்போதும் அவர்தான்.

அவர் போனபின் அக்கா இரண்டு ஞாயிறு விற்பனையை நிறுத்தினார். வந்தவர்களிடம், "எங்க ஆளு ஒருத்தரு தவறிட்டாரு, பதினாறு முடியட்டும்" என்றார். படத்திறப்பு முடிந்த மறுநாள் என்னிடம் சொன்னார்:

"கோழிக்கடப் பையன் ஒருத்தன் வரேன்னு சொல்றான். பத்து நிமிஷத்துல பத்து மொயலு முடிப்பானாம். கொட்டாயிலயே வரிசையா அடிச்சிட்டுப் பூடுவான். நீ ஒண்டியா இன்னா பண்ணுவ?"

கொட்டகையிலேயே என்றால் எல்லா முயலும் பார்க்கும்.

"நானே பண்றங்க்கா" என்றேன்.

"புடிக்க ஆளு?"

"நானே புடிச்சிக்கறேன்."

அக்கா என்னைப் பார்த்தார். "இந்த ஒரு வாரம் பாரு. ஒன்னு கத்துனாலும் அவனத்தான் கூப்புடுவேன். என்னாலயும் அந்தச் சத்தத்தக் கேக்க முடியாதுடி" என்றார்.

அந்த ஞாயிறு நான்கு முயலுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். முதல் முயலைச் சாக்கில் வைத்து, இடது கையால் முதுகை அணைத்து உட்கார்ந்தேன். மூக்கு ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே வண்டிகள் வந்து நிற்கும் சத்தமும், "எவ்ளோ நேரம்மா?" என்று அக்காவிடம் கேட்பதும் காதில் விழுந்தன. என் கையும் வேகமாகத்தான் துடித்துக்கொண்டிருந்தது, அது முயலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் மூச்சு அடங்கிய பிறகுதான் அதன் மூக்கும் அடங்கியது. இரண்டு பேராக இருந்தபோது எனக்கு இது தெரிந்ததில்லை. சடையண்ணன் ஒவ்வொரு முறையும் முதலில் தன்னைத்தான் அடக்கியிருக்கிறார்.

அடித்தேன். கண்ணைத் தொட்டேன். இமை அசையவில்லை. அது கத்தவில்லை.

சடையண்ணனிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அடிக்கும் முன் காத்திருந்த அந்த நேரத்தைத்தான் சொல்வேன். அவர் தடியை ஒரே ஒரு முறைதான் பயன்படுத்தினார். மீதி நாளெல்லாம் காத்திருந்தார், எங்களைக் காத்திருக்க வைத்தார்.

இரண்டாவது முயலை எடுக்கப் போனபோது என் வலது கை நடுங்க ஆரம்பித்தது. வெளியே, "இன்னும் மூணு இருக்குதே, சீக்கிரம் ஆவட்டும்" என்று யாரோ குரல் கொடுத்தார். பெட்டியை மூடினேன். தொட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து எல்லோர் முன்னாலும் நின்றேன். "நேரம் ஆவுங்க. உக்காருங்க" என்றேன். அக்கா உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்து போட்டார்.

நான் திரும்பிப் போய், கை நடுக்கம் நிற்கும்வரை சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தேன்.