பாத்துக் குடுங்க

"எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீங்க?" இந்தக் கேள்வியை யார் வாயில் கேட்டாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு, மலேசியாவின் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் ஒரு தொழிற்சாலைக்கு முதல் நேர்காணலுக்குப் போன அன்று வீடே பரபரத்தது. அம்மா என் சட்டையைத் தேய்த்துத் தேய்த்து மொடமொடப்பாக்கினாள். சப்பாத்துக்கு அப்பா பாலிஷ் போட்டார். பாடாங் செராய் பக்கம் எஸ்டேட்டில் வேலை செய்யும் அப்பா, சனி ஞாயிறுகளில் கல்யாணங்களுக்குச் சமைக்கவும் போவார். சப்பாத்தை நீட்டிக்கொண்டே சொன்னார்: "சம்பளம் கேட்டா டக்குனு ஒரு தொகையச் சொல்லிடாதம்மா. நீங்களே பாத்துக் குடுங்கன்னு சொல்லு. அதான் மரியாதை."

எங்கள் பக்கம் அப்படித்தான். சமையலுக்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால், அப்பா தலையைச் சொறிந்துகொண்டு "பாத்துக் குடுங்க அண்ணே" என்பார். கேட்டவருக்குக் கூச்சமாகிவிடும். குறைத்துக் கொடுத்துவிட்டு நாளைக்குக் கோயிலில் எந்த முகத்தோடு எதிரில் நிற்பது? நினைத்ததற்கு மேலேயே வெற்றிலையில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் நேர்காணல் நடந்த ஏர்கான் அறையில் இருந்த மேனேஜர் எந்தக் கோயிலுக்கு வரப்போகிறார்? நான் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரித்த முகமாக, கம்பெனி பார்த்து எது கொடுத்தாலும் சரி என்று மலாய் மொழியில் சொன்னேன். நல்ல பிள்ளை என்று பாராட்டினார். பூரித்துப் போனேன். முட்டாள்.

என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள் சுங்கைப் பட்டாணி ஊர்க்காரி. அதே படிப்பு, அதே மெஷின், அதே ஷிப்ட். ஒரு நாள் கேன்டீனில் சம்பளப் பேச்சு வந்தது. அவள் வாங்குவதைக் கேட்டதும் வாயில் வைத்த மீ கோரெங் நூடுல்ஸ் இறங்கவில்லை.

"நீ கேக்கவே இல்லியா? ஏன் லா? நான் கேட்டேன், கொஞ்சம் இழுத்தாங்க, குடுத்துட்டாங்க."

அவ்வளவுதான் விஷயம். கேட்டவளுக்குச் சம்பளம், கேட்காதவளுக்கு நல்ல பிள்ளை பட்டம். அந்தப் பட்டத்தை வைத்து மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் ஊற்ற முடியுமா?

வயிற்றெரிச்சலோடு வேறு தொழிற்சாலைக்கு மனுப் போட்டேன். அங்கே நேர்காணல் செய்தவர் தமிழர். ஊர், அப்பா வேலை எல்லாம் விசாரித்துவிட்டு, "இப்ப அங்க எவ்வளவு?" என்றார். சொன்னேன்.

"சரி தங்கச்சி, அதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தரேன்."

மறுபடியும் அதே பள்ளம். ஒரு தடவை வாயை மூடிக்கொண்டதற்கு ஆயுசு முழுக்க அபராதமா?

"சார், அது அவங்களாப் போட்டது. நான் கேட்டு வாங்கல. இந்த வேலைக்கு நான் கேக்குறது இவ்வளவு," என்று தொகையைச் சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நம்ம பிள்ளைங்க இப்படிப் பேச மாட்டாங்களே."

"அதனாலதான் சார் நம்ம பிள்ளைங்க சம்பளம் அப்படி இருக்கு."

கூப்பிடுகிறோம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டு வாசலில் அப்பா காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். தொகையைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவரு கோவிச்சுக்கிட்டாராம்மா?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆத்திரம். "கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாரு லா! நம்ம கூலியக் கேட்டா அவருக்கு என்ன கோவம்?" என்று கத்திவிட்டேன். கோபம் அப்பா மேல் இல்லை. ஊருக்கே சோறு வடித்துப் போட்ட மனுஷன், உழைத்த காசைக் கேட்டால் எதிராளி முகம் சுளிப்பானோ என்று இந்த வயதிலும் பயப்படும்படி ஆக்கி வைத்தார்களே, அவர்கள் மேல்.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து போன் வரவே இல்லை. வேறொரு இடத்தில் கேட்டு, கேட்டதை வாங்கிக்கொண்டுதான் சேர்ந்தேன். ஆனால் அவர்கள் கூப்பிடவில்லை என்பதை மட்டும் அப்பாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால், அந்த சார் கோவித்துக்கொண்டார் என்றே அப்பா நம்பிவிடுவார்.