தலைகீழாக நட்ட கடலை

"தலைகீழா நட்டா வேர் எந்தப் பக்கமுங்க டீச்சர் வரும்?"

அக்காவின் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து இந்தக் கேள்வி வந்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். நான் ஆசிரியப் பயிற்சியில் படித்துக்கொண்டிருந்த காலம். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வீட்டில் இருப்புக்கொள்ளாது. அக்காவோடு பள்ளிக்கூடம் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். அன்று மதியம், நாலாம் வகுப்பு. 'விதை முளைத்தல்' பாடத்தைப் பிள்ளைகள் ஒரே ராகத்தில் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குக் கண் சொக்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து முருகேசனின் டவுசர் பையிலிருந்து நாலைந்து வறுக்காத நிலக்கடலை உருண்டு அக்காவின் காலடிக்கு வந்தது.

அக்கா திட்டவில்லை. ஒன்றை எடுத்து உரித்து, "இதை இப்பிடியே நட்டா மொளைக்குமா?" என்றார். அவ்வளவுதான், தூக்கம் போய்விட்டது. மொளைக்கும், மொளைக்காது என்று இரண்டு கட்சி. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் செல்வியின் கேள்வி வந்தது. அந்த வருடம் முழுக்க வகுப்பில் அந்தப் பெண் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"மேலதான் வரும்," என்றான் முருகேசன். "எலையெல்லாம் மண்ணுக்குள்ள போயி எலிக்குக் கொடை புடிக்கும்!"

வகுப்பே சிரித்தது. அக்கா மட்டும் செல்வியையே பார்த்துக்கொண்டு, புத்தகத்தை மெதுவாக மூடினார். "நட்டுப் பாக்கலாமா?" என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன், "விடை உனக்குத் தெரியாதாக்கா?"

"படிச்சிருக்கேன் அம்முணி. பாத்ததில்லையே!"

அந்த ஒரு பதிலில் அக்கா முழுசாக இருக்கிறார் என்று இப்போது நினைக்கிறேன்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில், கடலைக்காட்டுக்கு நடுவில் இருந்த வீட்டில் அக்கா பிறந்தார். அப்பா இறந்தபோது நான் கைக்குழந்தை. அம்மாவோடு சேர்ந்து காட்டையும் பார்த்து, என்னையும் இடுப்பில் சுமந்து, தன் படிப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டவர் அக்கா. சிறு வயதில் வந்த மூட்டுக்காய்ச்சல் இதயத்தில் தங்கிவிட்டது என்று பின்னால் மருத்துவர்கள் சொன்னார்கள். முதல் வேலை போடிமெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில். குளிரும் ஏற்றமும் அவருக்கு ஆகவில்லை; மூச்சு வாங்கியது. ஆனாலும் அந்த மலையைப் பற்றி அவர் குறையாகப் பேசியதே கிடையாது. விடியும் முன்னே விறகு சுமந்துவிட்டு வந்து வகுப்பில் தூங்கிப்போகும் பிள்ளைகளை அங்கேதான் பார்த்தாராம். "தூங்கற புள்ளையத் திட்டறதுக்கு முன்னால, அது முழிச்சிருக்க நாம என்ன குடுத்தோம்னு கேட்டுக்கோணும்," என்பார். உடம்பு முடியாமல் கீழே இறங்கி, எங்கள் ஊர்ப் பள்ளிக்கு வந்தார். வந்த வரன்கள் உடம்பைக் கேட்டதும் திரும்பிப் போயின. அக்கா அதற்காக ஒரு நாளும் முகம் வாடி நான் பார்த்ததில்லை.

கடலைக்கு வருகிறேன். வேர் எங்கே போகிறது என்று பார்க்கத் தினமும் ஒன்றைத் தோண்ட வேண்டும், தோண்டினது பிழைக்காது. அதனால் நிறையக் கடலை வேண்டும். "நாளைக்கு ஆளுக்கு ஒரு கை கொண்டாங்க," என்று அக்கா சொல்லிவிட்டார். அது மாசி மாதம். விற்றது போக எங்கள் ஊர் வீடுகளில் அப்போது மிஞ்சி இருப்பது விதைக்கடலை மட்டும்தான். சித்திரை பிறக்கும் விஷு அன்று காட்டில் முதல் உழவுச் சால் ஓட்டும் வரைக்கும் விதை வாசல் தாண்டக் கூடாது என்பது சில குடும்பங்களில் கண்டிப்பு. எங்கள் வீட்டிலேயே உண்டு. அக்காவுக்குத் தெரியாததா? அந்த நேரத்துச் சந்தோஷத்தில் மறந்துவிட்டார்.

மற்றவர்கள் எங்கெங்கோ கேட்டு வாங்கி வந்தார்கள். செல்வி வீட்டு விதைப்பானையில் இருந்து பாவாடை நுனியில் முடிந்துகொண்டு வந்தாள். தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்பி, பாதிக் கடலையை வேர் விடும் மூக்கு கீழே இருக்கும்படியும், பாதியை மூக்கு மேலே இருக்கும்படியும் நட்டார்கள். மணி அடிப்பதற்கு முன்பே பிள்ளைகள் ஜன்னலில் தொங்கத் தொடங்கினார்கள். எப்போதும் தாமதமாக வரும் முருகேசன், பூட்டைத் திறக்கச் சொல்லித் தலைமையாசிரியர் வீட்டுக்கே போய் நின்றான். "லீவு நாள்லயும் வர்றானுங்க, என் தோசைக்கு ஆபத்து!" என்று அவர் அக்காவிடம் சொல்லிச் சிரித்தார்.

பிறகு செல்வி வருவது நின்றது. அவள் அப்பா பழனியப்பண்ணனுக்கு விதை போன விஷயம் தெரிந்துவிட்டது. ஆண்டுப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. எழுதாவிட்டால் அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போக முடியாது. எங்கள் ஊரில் அப்படி நின்ற பெண் பிள்ளை திரும்ப வந்ததில்லை. அக்காவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

வாசலில் புதிதாக இரண்டு வெள்ளாடு கட்டியிருந்தது. செல்வி தழை போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள்.

"ஏனுங்க டீச்சர், நீங்களும் காட்டுக்காரங்க ஊட்டுல பொறந்தவங்கதானுங்களே?" என்றார் பழனியப்பண்ணன். குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது. "போன வருசமே மழை ஏமாத்திப்போட்டுது. இந்த வருசம் சால் ஓட்டறதுக்கு முன்னாலயே வெதை வாசல் தாண்டிப்போச்சு. படிச்சது போதும்னு ஆடு வாங்கி உட்டுட்டேனுங்க."

"தப்பு எம்மேலதானுங்கண்ணா," என்றார் அக்கா. "புள்ளைக்கு நான் சொன்னதுதானுங்க. இதைச் சரி பண்றதுக்கு என்ன பண்ணோணும், சொல்லுங்க, பண்றேன்."

உள்ளேயிருந்து செல்வியின் அம்மாதான் பேசினார். "வாசல் தாண்டிப் போன சாமான் திரும்பி வந்துட்டாச் சரிதானுங்க. அதுக்குமேல என்ன இருக்குது?"

"மொளைச்சது எப்பிடித் திரும்பி வரும்?" என்றார் பழனியப்பண்ணன்.

"மொளைச்சே வரட்டுமே!" என்றார் அந்தம்மா.

மறுநாள் பள்ளி விட்டதும், செல்வி கொண்டுவந்த கடலை இருந்த சிரட்டைகளை ஆளுக்கொன்றாக ஏந்தி, நாலாம் வகுப்பு முழுவதும் வரிசையாகக் காட்டுப் பாதையில் நடந்தது. தீர்த்தக் குடம் கொண்டுபோகிற மாதிரி மண் சிந்தாமல் பார்த்துப் பார்த்து அடி வைத்தார்கள். அக்கா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். செல்வியின் அம்மா வாசலில் தண்ணீர் தெளித்து ஒவ்வொன்றாக வாங்கி உள்ளே வைத்தார். கடைசிச் சிரட்டை முருகேசன் கையில்.

"இது தலைகீழா நட்டதுங்க," என்றான்.

பழனியப்பண்ணன் அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். விரலால் மண்ணை விலக்கினார். வேர் மேலே கிளம்பி, ஒரு வளை வளைந்து, கீழே இறங்கியிருந்தது. கொண்டை ஊசி மாதிரி. அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை வருசமா வெதைக்கறேன். ஒண்ணைக்கூட நோண்டிப் பாத்ததில்லை போ," என்றார். பிறகு, தனக்குத்தானே கேட்பது போல, "அப்ப, படுக்க வாக்குல நட்டா?"

முருகேசன் வாயைத் திறந்தான். அக்கா கையைக் காட்டி அடக்கிவிட்டு, செல்வியைப் பார்த்தார்.

"நட்டுப் பாத்தாத்தானுங்கப்பா தெரியும்," என்றாள் செல்வி. "ஆனா சிரட்டையெல்லாம் பள்ளிக்கூடத்துலதான் இருக்குது."

பழனியப்பண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெவரமாத்தான் புள்ளைய வளத்தி வெச்சிருக்கறீங்க டீச்சர். ஆட்டை யாருங்க மேய்க்கறது?"

"நீங்கதானுங்கண்ணா," என்றார் அக்கா. "அந்தப் படுக்கவாக்குக் கேள்வி உங்களுதாச்சே."

செல்வி பரீட்சை எழுதினாள். அந்தச் செடிகளை வாய்க்கால் ஓரம் நட்டு, அவர்கள் வீட்டு விதையாகவே பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வருடங்களில் அக்காவின் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நிற்க முடியாதபோது நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். சென்ற ஆனியில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பார்க்கப் போன பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினார். "சிரட்டையத் தெனமும் தலைகீழாத் திருப்பிக்கிட்டே இருந்தா, அந்த வேர் என்ன பண்ணும்?" பிள்ளைகள் நட்டுப் பார்ப்பதற்குள்ளேயே அக்கா போய்விட்டார். வலி அதிகம் இல்லாமல், அம்மாவின் கையைப் பிடித்தபடி, அமைதியாகத்தான் போனார்.

அக்காவின் முதல் வருடத் திதிக்கு வந்து எங்கள் வீட்டை நிறைத்திருக்கும் உங்களுக்கு என்ன சொல்வது? கேட்ட நேரத்துக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு வந்த டாக்ஸிக்கார அண்ணன், இரவு பகல் பாராமல் கவனித்த நர்சம்மாக்கள், அக்கா நடக்க முடியாத நாட்களில் வகுப்பை எங்கள் வீட்டு வராந்தாவுக்கே கொண்டுவந்து கொடுத்த தலைமையாசிரியர், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்து அம்மாமார் எல்லோரையும் அம்மாவும் நானும் நெஞ்சில் வைத்திருக்கிறோம். இது வார்த்தையோடு முடிகிற நன்றி இல்லை.

இந்த மாதம் முதல் அக்காவின் நாலாம் வகுப்பு என் பொறுப்பில் வந்திருக்கிறது. ஜன்னலோரம் ஆணி அடித்தாயிற்று, துணியால் மூடிய சிரட்டைகளைத் தலைகீழாகத் திருப்பும்படி கயிறும் கட்டியாயிற்று. செல்வி பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். ஆனால் சனிக்கிழமை தோறும் வந்து உதவுவதாகச் சொல்லியிருக்கிறாள். விஷுச்சால் ஓட்டி, தன் விதைப்பையும் முடித்துவிட்டு, போன வாரம் பழனியப்பண்ணன் ஒரு பானை விதைக்கடலையைத் தானே தலையில் சுமந்து வந்து வகுப்பில் இறக்கி வைத்தார். "இப்ப வாசல் தாண்டலாமுங்க," என்றார்.

திங்கட்கிழமை காலை நடுகிறோம். அன்றிலிருந்து தினமும் மணி அடித்ததும் சிரட்டையைத் திருப்புவோம். வேர் என்ன செய்யும் என்று புத்தகத்தில் தேடினால் கிடைக்கலாம். நான் தேடவில்லை. பார்த்துச் சொல்கிறோம், அக்கா.