வசந்தாமணி மெஸ்ஸின் உப்புத்தண்ணீர்

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் நிற்கும் பட்டறைகளுக்கு எதிரே மெஸ் நடத்தும் வசந்தாமணிக்கு வாய் பெரிது. கைப்பக்குவம் அதைவிடப் பெரிது. அதனால்தான் அவளிடம் திட்டு வாங்கியவர்களும் மறுநாள் இலைக்கு வந்து உட்கார்ந்தார்கள்.

போன வருடம், கடல் உப்பில் பிளாஸ்டிக் துகள் கலந்திருக்கிறது என்று போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டாள். உடனே கல் உப்பைத் தண்ணீரில் கரைத்து முந்தானையில் வடிகட்டினாள். நீல இழை ஒன்று சிக்கியது. அதை வெள்ளைத் தட்டில் வைத்து, மதியக் கூட்டத்தில் இலைக்கு இலை காட்டிக்கொண்டே போனாள்.

"பாருங்க சாமி, இதத்தான் இத்தன நாளா திங்கறோம்."

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. ரிக் டிரைவர் சந்திரசேகர் மட்டும் தட்டைப் பார்த்தான், அவளையும் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, உங்க சேலை என்ன நெறமுங்க?"

நீலப் பாலியஸ்டர். மெஸ்ஸே அதிரச் சிரித்தது. கல்லாவில் இருந்த கணவர் மணியனுக்குச் சிரிப்பில் புரையேறியது. அன்று அவர் சோற்றில் உப்பே விழவில்லை.

அவமானத்தை விழுங்கிவிட்டுப் போகிறவள் இல்லை வசந்தாமணி. மறுநாள் மணியனின் நல்ல பருத்தி வேட்டியைக் கிழித்து, மடித்து வடிகட்டினாள். அடியில் மண், கறுப்புத் துணுக்குகள், ஒரு சிவப்பு இழை. பிளாஸ்டிக்தானா என்று பார்க்க ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் தொட்டாள். மண் அசையவில்லை. இழை உருகி ஊசியில் ஒட்டிக்கொண்டது.

"உருகுதுங்க! ஓடியாங்க!"

மணியன் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார். அது கடலில் ஏறியதா, உப்புச் சாக்கில் ஏறியதா என்று அந்த இழைக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து மெஸ்ஸில் கல் உப்பு நேராகக் குழம்பில் விழுவதில்லை. கரைத்து வடித்து, பீங்கான் ஜாடியில் ஊற்றிவைத்த தண்ணீர்தான். துணியில் தங்காத பொடிசுகளை மாரியாத்தா பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். அளவு பிடிபடும்வரை ரசமே கடலாக இருந்தது. 'உப்புத்தண்ணி மெஸ்' என்று பட்டறையில் பேர் வைத்தார்கள். கூட்டம் குறையவில்லை.

ஒருநாள் சந்திரசேகர் பார்சலுக்கு வந்தான். கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி ரப்பர் போட்டாள்.

"அக்கா, உப்புல வடிச்சத சாம்பாருல திருப்பிப் போட்டுட்டீங்களே."

வசந்தாமணி அவன் கையிலிருந்த கவரைப் பிடுங்கிச் சாம்பாரைக் கீழே கொட்டினாள்.

"போயி தூக்குப்போசி எடுத்துக்கிட்டு வா சாமி. இனி ஒருத்தருக்கும் கவரு கெடையாது."

தூக்குப் பாத்திரத்துக்குப் பதிலாக அவன் எடுத்து வந்தது காலி பெயிண்ட் வாளி, அதுவும் பிளாஸ்டிக். அதன்பிறகு அவள் பேசியதை அச்சில் போட முடியாது. ஆனால் அந்த வாரத்துக்குள் பட்டறையில் நின்ற ரிக் வண்டிகளிலெல்லாம் எவர்சில்வர் தூக்குப்போசி தொங்கியது.