கன்றிய கையும் அத்தையின் பெயரும்

என் தோலுக்கு ரகசியம் காக்கத் தெரியாது. கதவு நிலையில் லேசாகத் தோள் பட்டால் போதும், மத்தியானத்துக்குள் அங்கே நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். படாவிட்டாலும் வரும். என் அத்தைக்கு, அதாவது என் வீட்டுக்காரரைப் பெற்றவருக்கு, ரகசியம் காக்க நன்றாகவே தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சிக்கலே அதுதான்.

ஐம்பதுகளின் கடைசியில் கல்யாணமாகிப் பண்பொழியிலிருந்து தென்காசிக்கு வந்தேன். வரும்போது என்னிடம் இருந்த சீக்கு ஒன்றே ஒன்று, இளைப்பு. சாரல் காலத்தில் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி சத்தம் வரும். அதைச் சொல்லித்தான் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்தார். "எங்க வீட்ல மட்டும் என்ன வாழுது? எனக்கு மூட்டுவலி, அவனுக்குக் கோவம்" என்று பெண் பார்க்க வந்த இடத்திலேயே அத்தை சொல்லிவிட்டார். இரண்டாவது சீக்கு, தாலி ஏறி ஒரு வருடம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது.

முதலில் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. பிறகு கால்களில் சிவப்புப் பொட்டுகள் வந்தன. ஒருநாள் காலையில் மூக்கில் ஆரம்பித்த ரத்தம், சமையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகும் நிற்கவில்லை. ஊர் டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் சுற்றிக் காற்றடித்துச் சற்று நேரம் அப்படியே விட்டுவைத்தார். பட்டையை எடுத்ததும் அதற்குக் கீழே கை முழுவதும் புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, உடனே மதுரைக்குப் போகச் சொன்னார்.

மதுரையில் நெஞ்செலும்பில் ஊசியை இறக்கி உறிஞ்சி எடுத்தார்கள். அந்த வலியைப் பற்றி எழுத மாட்டேன், எழுதினால் இப்போதும் கோபம் வரும். அங்கிருந்த பெரிய டாக்டர் அத்தையை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் பிளேட்லெட் என்று பொடிப்பொடியாக ஒன்று இருக்கிறது, காயம்பட்ட இடத்தை அடைப்பது அதுதான், உங்கள் மருமகளுக்கு அது மிகவும் குறைந்துவிட்டது. எலும்பு ஒழுங்காகத்தான் உண்டாக்குகிறது, ஆனால் உடம்பே அதை எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறது.

"ஏன்யா, சொந்த உடம்பே சொந்த உடம்ப அடிக்குமா?" என்று அத்தை கேட்டார்.

"அப்படித்தாம்மா."

அந்த அழிப்பு பெரும்பாலும் நடக்கிற மண்ணீரலை எடுத்துவிட்டால் குணமாகலாம், ஆனால் இந்த இளைப்போடு மயக்க மருந்து கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை என்றார் அவர். ஒரு சீக்குக்கு வைத்தியம் செய்ய இன்னொரு சீக்கு விடவில்லை. அதனால் சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். கத்தியைத் தொடாதே, பாரம் தூக்காதே, இடித்துக்கொள்ளாதே என்று அடுக்கிக்கொண்டே போனவர், எந்த ஊர் என்று கேட்டு, தென்காசி என்றதும், "அருவிப் பக்கமே போகக்கூடாது. அந்த அடியை இந்த உடம்பு தாங்காது" என்றார். அதுவரை அழாத நான் அப்போதுதான் அழுதேன். நான் நடை பழகியதே அருவிக்கரையில் என்று அம்மா சொல்வாள்.

திரும்புகிற ரயிலில் அத்தை என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ஏட்டி, ஒனக்குக் கல்யாணத்துக்கு ஒரு தங்கச்சி இருக்கா. அக்காவுக்கு ரத்தத்துல சீக்குன்னு வெளிய தெரிஞ்சா அவள எவன் கெட்டுவான்? அவ கல்யாணம் முடியுத மட்டும் இது நம்ம வீட்டுக்குள்ள இருக்கட்டும்."

"கையில காலுல தெரியுமே அத்தை. யாரும் கேட்டா?"

"கேக்கட்டும்."

கேட்கவில்லை. கேட்காமலே ஊர் தானாக ஒரு பதிலை எழுதிக்கொண்டது.

மாமியார் இருக்கிற வீட்டில் மருமகள் கை கன்றிக் கிடந்தால் தெரு வேறென்ன நினைக்கும்? அதுவும் அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். கீரைக்காரியிடம் அவர் பேரம் பேசினால் கீழத்தெரு வரை கேட்கும். என் இடுப்பில் குடம் உரசித் திட்டுத் திட்டாகக் கன்றியதால், அவரே மூட்டுவலியோடு தண்ணீர் எடுக்கக் கிளம்பினார். "மருமவள வெளிய விடமாட்டுக்கா, காயம் தெரிஞ்சிரும்லா" என்றார்கள். கண்ணாடி வளையல் மணிக்கட்டில் பட்டுப் பட்டு நீலம் பாய்ந்ததால், அதைக் கழற்றிவிட்டு மெத்தென்று இரண்டு ரப்பர் வளையல் வாங்கிப் போட்டார். தங்க வளையலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "நகைய எல்லாம் உருவிட்டா" என்றார்கள். அரிவாள்மனை பக்கம் நான் போனால் அவர் போடுகிற சத்தத்தில் எதிர்வீட்டுக் குழந்தை தூக்கத்தில் எழுந்து அழும். அதுவும் கணக்கில் சேர்ந்தது.

இதில் மாத்திரை வேறு தன் வேலையைக் காட்டியது. முகம் உப்பிக் கன்னம் இரண்டும் பூரி மாதிரி ஆகிவிட்டது. உடம்பு மிக மோசமாக இருந்த மாதத்தில்தான் நான் பார்க்க ரொம்பச் செழிப்பாக இருந்தேன். கோவிலில் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்: "அடிச்சாலும் சோறு நல்லாத்தான் போடுதா." வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு யாரையாவது நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்தாலும் என் கைதான் வீங்கும்.

எதிர்வீட்டு அக்கா நல்லவர். அதுதான் தொந்தரவு. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண் என் முழங்கைக்குப் போகும், உடனே கலங்கிவிடும். அவருடைய வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வேட்டி சட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் மரக்கடைக்குப் போயிருந்தார். அத்தை நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்தார். நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆச்சி, காலம் மாறிட்டு. வாழ வந்த புள்ளயக் கைநீட்டி அடிக்கது நல்லா இல்ல. தெரிஞ்ச குடும்பமேன்னு தன்மையாச் சொல்லுதேன்."

அத்தை என்ன சொல்லப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடுகு போட்டால் வெடிக்கிற வாய் அது. அன்றைக்கு வெடிக்கவில்லை.

"செரி ஏட்டையா. இனிமே கை வைக்க மாட்டேன். காப்பி ஆறுது, குடிங்க."

அவர் போனதும் நான் வெளியே வந்து கத்தினேன். "செய்யாத தப்ப ஏன் அத்தை ஒத்துக்கிட்டீய? சொல்லித் தொலைக்க வேண்டியதுதான எனக்குச் சீக்குன்னு!" கையிலிருந்த செம்பை அப்படியே தரையில் ஓங்கி வைத்தேன்.

"சவத்த விடுட்டி. என்னய ஏசுனா ஏசிட்டுப் போறாவ. எனக்கு இனிமேயா மாப்ள பாக்கப் போறாவ? ஒந்தங்கச்சிக்குத்தான பாக்கணும்" என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "செம்ப அந்தக் குத்து குத்துனியே, நாளைக்கு இது கன்னிப் போவும் பாரு" என்றார்.

கன்றித்தான் போனது. எதிர்வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு அவ்வோ அவ்வளவு சொல்லியும் திருந்தலயே" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதன்பிறகு தெருவில் நல்லது பொல்லாததுக்கு அத்தையைக் கூப்பிடுவது குறைந்தது. ஒரு சீமந்தத்துக்கு எல்லா வீட்டுக்கும் சொன்னவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். அன்றைக்கு அத்தை ரொம்ப நேரம் அரிசி புடைத்தார். புடைத்த அரிசியையே திரும்பவும் புடைத்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. அது இளைப்பு இல்லை.

என் தங்கைக்குக் கல்யாணம் கூடிவர அறுபதுகள் பிறந்துவிட்டன. கடையநல்லூர்ப் பக்கம் நல்ல இடம். மூன்றாவது முடிச்சு விழுந்த நிமிடத்தில் எல்லோரும் அட்சதை போட்டார்கள், நான் அத்தையைத்தான் பார்த்தேன். இனி என்ன தடை? அத்தையின் பெயரை அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அப்போது எனக்கு வேறு ஆசையே இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் நேரே எதிர்வீட்டுக்குப் போனேன். பிளேட்லெட், மதுரை, ஊசி, மாத்திரை எல்லாவற்றையும் மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இப்படிச் சொல்லச் சொன்னாவளாட்டி ஒங்க அத்தை?" என்றார்.

எதிலும் இடித்துக்கொள்ளாமல் உடம்பு தானே கன்றும் என்று யார் நம்புவார்கள்? எனக்கு வராமல் இருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அத்தை வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். "நான்தான் விடுன்னு சொன்னம்லா" என்றார். அவருக்கு அது வலிக்கவே இல்லை என்று நினைக்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

அந்த வருடம் சாரல் நன்றாக இறங்கியது. மாத்திரைக்கு என் ரத்தமும் கொஞ்சம் கேட்டிருந்தது. இளைப்பும் அடங்கியிருந்தது. ஊர் டாக்டரிடம் காட்டப் போனபோது அத்தை திடீரென்று கேட்டார்.

"டாக்டரய்யா, அருவித் தண்ணி இவ மேல விழத்தான கூடாது? நனையலாம்லா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அடி படாம நனைய வழி இருந்தா நனையட்டும்."

அத்தைக்கு அது போதும். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து குதிரை வண்டி பிடித்து ஐந்தருவிக்குப் போவது வழக்கம். எங்களை யாரும் கூப்பிடவில்லை. அத்தை தனியாக ஒரு வண்டி பேசினார். கிளம்புமுன் எனக்கு எண்ணெய் வைத்தார். தேய்த்தால் தோல் கன்றுமே, அதனால் பஞ்சில் நனைத்து, பச்சைப் பிள்ளைக்கு வைப்பதுபோல ஒற்றி ஒற்றி வைத்தார்.

பெண்கள் குளிக்கிற பக்கம் நல்ல கூட்டம். எங்கள் தெருவே அங்கேதான் நின்றது. என் கையைப் பிடித்து அத்தை அருவிக்குள் இழுத்ததைப் பார்த்ததும் ஒருத்தி, "அங்கன பாரு, அருவிக்குள்ளயுமா இழுத்துட்டுப் போறா" என்றாள். எதிர்வீட்டு அக்கா ஈரச் சேலையோடு எங்களை நோக்கி வேகமாக வந்தார், தடுக்கத்தான் வந்திருப்பார்.

அத்தை பாறைக்கு முகம் காட்டி நின்றார். இரண்டு உள்ளங்கைகளையும் பாறையில் ஊன்றி, காலை அகட்டி, முதுகை வளைத்தார். "உள்ள வாட்டி" என்று கத்தினார். நான் குனிந்து அவர் கைகளுக்கு நடுவில் புகுந்து பாறையோடு ஒட்டி உட்கார்ந்தேன். அவர் இன்னும் ஓர் அடி முன்னால் நகர்ந்தார். அருவி முழுக்க அவர் முதுகில் விழுந்தது.

ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு குலுங்கியது. மூட்டுவலிக் கால்கள் நடுங்கியதைக் கண்ணெதிரே பார்த்தேன். எனக்கு வந்ததெல்லாம் வெறும் தண்ணீர். அவர் தோளிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் வழிந்து, என் தலையில் இறங்கி, கழுத்தில் ஓடியது. எத்தனையோ வருடம் கழித்து அந்த மலைத் தண்ணீரின் வாசனை! நான் ஓவென்று அழுதேன். அருவிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

"போதும் அத்தை, வலிக்கும்" என்று கத்தினேன்.

"பேசாம குளிட்டி!"

அப்போது இடதுபக்கம் வெளிச்சம் குறைந்தது. அத்தையின் முதுகு மறைக்காத அந்த ஓரத்தில் சிதறி விழுந்த தண்ணீரும் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா அத்தைக்குப் பக்கத்தில் அதே மாதிரி கையை ஊன்றிக் குனிந்து நின்றார். கண்களை இறுக மூடியிருந்தார்.

மறுநாள் காலையில் அத்தையால் நிமிர முடியவில்லை. முதுகு முழுவதும் சிவந்து, தோள்பட்டைக்குக் கீழே இரண்டு இடத்தில் கன்றியிருந்தது. அவரைக் குப்புறப் படுக்கவைத்து, பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றார்.

"முதுகு எப்படி இருக்கு ஆச்சி?" என்றார் கடைசியில்.

அத்தை திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "மருமவ அடிச்சிட்டா. ஏட்டையாவ வரச் சொல்லு."

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தவர், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"அழுதது போதும்" என்றார் அத்தை. "உப்பு ஆறுது, வைட்டி."