இன்னும் பத்துச் சுற்று

கல்லூரிக்குப் போகும் வழியில், அஸ்தம்பட்டியில் வண்டியை ஓரங்கட்டித்தான் நல்லுசாமி அண்ணனின் மனைவி சரசு அக்காவின் அழைப்பை எடுத்தேன். "அண்ணன் போயிட்டாருங்க டீச்சர்." தூக்கத்திலேயே மாரடைப்பாம்.

நல்லுசாமி அண்ணனைத் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி முதலாளியாக அறியும். போர் போடும் இரைச்சலிலேயே வாழ்ந்தவர், ஞாயிறுகளில் ஒரு கிராம்கூடத் தேறாத மாதிரி விமானத்தைக் கல்யாண மண்டபத்துக்குள் பறக்கவிடுவார். பால்சா மரக் குச்சி, சவ்வு போன்ற தாள், முன்விசிறியைச் சுழற்றும் முறுக்கிய ரப்பர், அவ்வளவுதான். அதிக நேரம் காற்றில் நிற்பதே வெல்லும். காற்று அசையாதிருக்க மின்விசிறிகளை நிறுத்தி, கதவடைத்து, அவரோடு விமானம் விடும் நாங்கள் மெதுவாக நடப்போம். நான் முதலில் பார்த்த அன்று, தும்மலை அடக்க அவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டிருந்தார்.

முறுக்க முறுக்கப் பறக்கும் நேரம் கூடும். எல்லை தாண்டினால் ரப்பர் அறுந்துவிடும். நாங்கள் சற்று முன்பே நிறுத்துவோம். அவர் மாட்டார். "இன்னும் பத்தடி எறக்குனாத் தண்ணி வந்துரும்னு தோணுமுங்க. அதே புத்திதான் இங்கயும்" என்று இன்னும் பத்துச் சுற்று வைப்பார்.

பெங்களூர்ப் போட்டியில் முன்னிலையில் இருந்தவர், கடைசி வாய்ப்பில் அப்படித்தான் ரப்பரை அறுத்துக்கொண்டார். திரும்பும் ரயிலில் நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். "போர் பொய்த்த தோட்டத்துக்காரராட்ட உக்காந்திருக்கீங்களே" என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "நிறுத்தியிருந்தா ஜெயிச்சிருப்பனுங்க. எவ்வளவு தாங்கும்னு தெரியாமயே போயிருக்கும்" என்றார். எதிலும் முன்னெச்சரிக்கையாக நிறுத்திவிடும் எனக்கு அந்தச் சொல் வெகுநாள் உறுத்தியது.

போன ஞாயிறு அதே மண்டபத்தில் அவருக்காகக் கூடினோம். அவர் கடைசியாகச் செய்த விமானத்தைச் சரசு அக்கா அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். "சேலை வீசுனாக் காத்தடிக்கும்னு என்னையக் கூட்டியாரவே இல்லீங்க. ஒருக்காப் பறக்கறதப் பாக்கோணும்" என்றார்.

நான்தான் முறுக்கினேன். வழக்கமான இடத்தில் கை நின்றது. முறுக்கிய ரப்பரை விமானத்தில் மாட்டும்போது அது அறுந்தால் விமானமே சிதறிவிடும். அவர் செய்ததில் அக்கா பார்க்க வேறு எதுவும் இல்லை.

"அவரு இதோட நிறுத்த மாட்டாருங்களே" என்றார் அக்கா.

இன்னும் பத்துச் சுற்று முறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன்.

விமானம் கூரைவரை ஏறி, அங்கேயே வட்டமிட்டது. அக்கா முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார். வெகுநேரம் கழித்து அது தாழ்ந்து வந்தபோது, "புடிச்சுக்கலாமுங்களா?" என்று கிசுகிசுத்து உள்ளங்கையை நீட்டினார்.

தாங்குச்சுங்க, அண்ணா. போய் வாருங்கள்.