கத்தினால் நழுவும் லேசர்

லேசரை ஒரே நிறத்தில் பிடித்து நிறுத்தும் தொழிலுக்குப் பொறுமைதான் முதல். என்னிடம் இல்லாததும் அதுதான். கண்ணாடிக் குழாயில் அடைத்த அயோடின் ஆவி, துல்லியமான சில நிறங்களை மட்டுமே விழுங்கும். அதில் ஒன்றை அடையாளமாக வைத்து, அலைபாயும் லேசரை அங்கேயே பூட்டுகிறோம். இதே பாடுபடும் சொந்தங்களே, உங்களுக்குத் தெரியாததா! பழைய மோட்டார், ஏசி என்று எதையெதையோ விற்று அடிபட்டபின் திருப்போரூரில் இந்தப் பட்டறையைப் போட்டேன். முதல் லேசரைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். அவர் வேண்டாமென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

வரிசை வீடுகள்

அவர் வருவதற்கு முன்தினம் லேசர் ஆணி அடித்த மாதிரி நின்றது. முருகனுக்குத் தேங்காயே உடைத்துவிட்டு வந்தேன். என் கூட்டாளி பரிதா, கோவளத்துக்காரி, இயற்பியல் படித்தவள், திரையை உற்றுப் பார்த்தாள். அயோடின் விழுங்கும் நிறங்கள் திரையில் கோடுகளாக, வரிசை வீடுகள் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். எண்ணும்போது ஒன்றைத் தாண்டிவிட்டிருக்கிறேன்.

"பூட்டெல்லாம் நல்லாத்தான் கீது அண்ணாத்த. பக்கத்து வூட்டுல பூட்டிட்டு வந்துகீற."

யார் கத்துவது?

சரியான கோட்டுக்கு மாற்றினாள். அன்று முழுக்க லேசர் நழுவிக்கொண்டே இருந்தது. மேஜைக்கடியில் ரப்பர் வைத்தோம், ஏசியை நிறுத்தினோம், சாலையில் போன லாரியையெல்லாம் திட்டினேன். பரிதாதான் கண்டுபிடித்தாள்: நான் போனில் பேரம் பேசும்போதெல்லாம் நழுவுகிறது. என் குரலில் லேசரின் கண்ணாடிகள் அதிர்கின்றனவாம்.

"யாரு கத்துறது?" என்று கத்தினேன். திரையில் கோடு சரிந்தது. அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"மாமல்லபுரம் கடலாண்ட போய்க் கத்து அண்ணாத்த. அங்க எதுவும் நழுவாது."

ரகசியப் பேரம்

மறுநாள் வந்தவர் செங்கல்பட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் கூடம் நடத்துபவர். கையோடு கொண்டுவந்த தன் லேசரை எங்களுடையதோடு ஒப்பிட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அதுவரை இரண்டும் ஒத்துப்போய்க்கொண்டிருந்தன. சோதனை முடியும் முன்பே, "பாதி விலைக்குக் குடுங்க" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பரிதா திரையைப் பார்த்தாள், பிறகு என்னை. பல்லைக் கடித்துக்கொண்டு, அவர் காதருகே குனிந்து, "முடியாது சார்" என்றேன். அவர் விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார். இன்னும் மெதுவாக, "முடியாது." கோடு அசையவில்லை; நானும்தான். கடைசியில் அவர் நாற்காலியை என்னைவிட்டுத் தள்ளி நகர்த்திக்கொண்டார்.

"கத்துற ஆளுங்ககிட்ட நல்லா பேரம் பேசுவேன் சார். நீங்க இப்படிக் குசுகுசுன்னு சொல்றதுதான் பயமா கீது. உங்க விலைக்கே எடுத்துக்குறேன்."

லேசரைப் பூட்டப் போன இடத்தில் என் வாயையும் சேர்த்துப் பூட்டி, பட்டறையின் ஷட்டரைத் திறந்தே வைத்த அயோடினுக்கும் பரிதாவுக்கும் என் நன்றியை மெதுவாகவே சொல்லிக்கொள்கிறேன்.